கீழ்கோத்தகிரி மேட்டில் காந்தம் ஒட்டுகிற கல்: அது சுரங்கம் ஆகுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கீழ்கோத்தகிரிப் பக்கம் ஒருவருக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல் எல்லையில், தேயிலை முடிந்து பாறை தொடங்குகிற மேட்டில், கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடிய கனமான கற்கள் விட்டு விட்டுத் தெரிகின்றன. இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் போகிறது, அகலம் மூன்று நான்கு மீட்டர் இருக்கும் என்கிறார். பழைய ஸ்பீக்கர் காந்தம் நன்றாக ஒட்டுகிறது. சமவெளியிலிருந்து வந்த ஒருவர் "உள்ளே இரும்புச் சுரங்கமே இருக்கிறது" என்று சொல்லி நீண்டகாலக் குத்தகை கேட்கிறார். நீலகிரியில் இரும்புத்தாது உண்டா, இது எடுக்கத் தகுந்ததா, குத்தகைக்கு விடலாமா என்பது தோட்டக்காரரின் கேள்வி. பதிலை அவரிடமே சொல்வதாக எழுதுகிறேன்.

தாது உண்டு. சுரங்கம் ஆகாது. குத்தகைக் கதை வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் அது உண்மையிலேயே இரும்புக்கல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நீலகிரியில் இரும்பு மாதிரி ஏமாற்றுகிற கற்கள் நிறைய. மலை முழுக்கப் பரவியிருப்பது சார்னோகைட் பாறை. உடைத்த புதுமுகம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கும். வெயில் மழை பட்ட மேல்தோல் பழுப்பாகிவிடும். அதில் மேக்னடைட் என்ற காந்தம் ஒட்டும் இரும்புக் கனிமம் எப்போதும் கொஞ்சம் கலந்திருப்பதால் நல்ல காந்தம் லேசாக இழுபடும். அது தாது இல்லை. அடுத்தது டோலரைட். பழைய பாறைகளின் வெடிப்பில் புகுந்து உறைந்த கறுப்புக் குழம்புப் பாறை அது; கறுப்பு, கனம், கொஞ்சம் காந்தம் என மூன்றும் இருக்கும், ஆனால் வரி இருக்காது, உடைத்தால் ஒரே சீராக இருக்கும். மூன்றாவது, மேட்டு உச்சிகளில் கிடைக்கும் செம்புறைக்கல். ஓட்டை ஓட்டையாகச் செங்கல் நிறத்தில் இருக்கும் அதில் இரும்பு இருப்பது உண்மைதான். பாறை மட்கி மண்ணானபோது மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் சேர்ந்து இறுகியது. கோத்தகிரிப் பக்கம் இதே மட்கலில் சில இடங்களில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் உண்டு. செம்புறைக்கல்லில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் இந்த மூன்றோடும் பொருந்தவில்லை. மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை கனமுள்ள கறுப்பு வரி, நடுவே சர்க்கரைப் பாகு உறைந்தாற்போல் வெளுப்பான குவார்ட்ஸ் வரி, மறுபடி கறுப்பு. அங்கங்கே மிளகு அளவில் சிவப்பு மணிகள் தெரிந்தால் அவை கார்னெட். இந்தப் பாறைக்குப் பெயர் பட்டைவரி மேக்னடைட் குவார்ட்சைட். சேலம் கஞ்சமலையில் மலை மலையாக இருப்பதும் இதே குடும்பம்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். ஒன்று, குளியலறை டைல்ஸ் ஒன்றின் பின்பக்கத்தில், அதாவது வழவழப்பு இல்லாத பக்கத்தில், கறுப்பு வரியை அழுத்தித் தேயுங்கள். கோடு கறுப்பாக விழுந்தால் மேக்னடைட். செம்பழுப்பாக விழுந்தால் ஹேமடைட், அதாவது காந்தம் அவ்வளவாக ஒட்டாத இன்னொரு இரும்புத்தாது. மஞ்சள் பழுப்பாக விழுந்தால் மட்கிப்போன கோதைட், அதாவது துரு.

இரண்டாவது சோதனைக்கு உங்களிடம் கருவி தயாராகவே இருக்கிறது: இலை எடை போடும் தொங்கு தராசு. துரு ஏறாத, நல்ல உள்கல்லாக மூன்று நான்கு கிலோவுக்கு ஒரு துண்டு உடைத்து எடுத்துக் கயிற்றில் கட்டி எடை போடுங்கள். அப்புறம் அதே கல்லைக் குடத்துத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, அடியில் தட்டாமல் தொங்கவிட்டு மறுபடி எடை பாருங்கள். வெளியில் 3.4 கிலோ, தண்ணீருக்குள் 2.4 கிலோ என்று வந்தால் தண்ணீருக்குள் குறைந்த எடை ஒரு கிலோ; 3.4ஐ அந்த ஒன்றால் வகுத்தால் அடர்த்தி 3.4. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மேக்னடைட்டுக்கு 5.2. இந்த இரண்டு மட்டுமே கலந்த கல் என்றால் 3.4 வருவதற்கு எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் மேக்னடைட் இருக்க வேண்டும். சுத்த மேக்னடைட்டிலேயே 72.4 சதவீதம்தான் இரும்பு. ஆக உங்கள் கல்லில் இரும்பு 32, 33 சதவீதம். தமிழ்நாட்டு மேக்னடைட் குவார்ட்சைட்டுக்கு இது வழக்கமான தரம்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொடி வைத்திருக்கிறது இந்த மலை. நீலகிரிக் கல்லில் குவார்ட்ஸும் மேக்னடைட்டும் மட்டும் இருப்பதில்லை. பைராக்சீன் என்ற பழுப்புக் கனிமமும் கார்னெட்டும் சேர்ந்திருக்கும். இரண்டும் கனமானவை, இரண்டிலும் இரும்பு உண்டு. ஆய்வுக்கூடத்தில் மொத்த இரும்பு எவ்வளவு என்று கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்த இரும்பு சிலிக்காவோடு (குவார்ட்ஸ் ஆனதும் இதே பொருளால்தான்) கட்டுண்டு கிடக்கிறது. காந்தத்துக்கும் வராது, உலைக்கும் ஆகாது. அதனால் "எங்கள் கல்லில் 38 சதவீதம் இரும்பு" என்று யாராவது சான்றிதழ் காட்டினால், காந்தத்தில் பிரியும் பங்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டதும் ஆளின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

சரி, இது எப்படி இங்கே வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

வரிவரியாக இருக்கும் இரும்புக்கற்கள் பெரும்பாலும் கடலடியில் படிந்தவை. 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலில், காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலத்தில், இரும்பு தண்ணீரில் கரைந்தே கிடந்தது. அது சிலிக்காவோடு மாறி மாறி அடியில் படிந்தது. ஒரு படிவு இரும்பு, ஒரு படிவு சிலிக்கா. உங்கள் மேட்டுக் கல்லில் தெரியும் வரிகள் அந்தப் படிவுகளின் வழிவந்தவை. அந்தக் கடலடி அப்புறம் பூமிக்குள் புதைந்தது. எவ்வளவு ஆழம்? நீலகிரிப் பாறைகளின் கார்னெட்டையும் பைராக்சீனையும் வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டவர்கள் மலையின் தென்மேற்குப் பக்கத்துக்கு ஆறேழு கிலோபார் என்றும், வடகிழக்கே மோயாற்றுப் பள்ளத்தை நோக்கிப் போகப் போக ஒன்பது, பத்து கிலோபார் என்றும் காட்டியிருக்கிறார்கள். பத்து கிலோபார் என்பது ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம். வெப்பம் 700 டிகிரிக்கும் மேல். இந்த வேக்காடு நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்.

நீலகிரி ஒரு சாய்ந்த கட்டை என்று இதற்கு அர்த்தம். வடக்கே மோயாறு, தெற்கே பவானி, இரண்டும் ஓடுவது பூமி ஓடு நசுங்கி நகர்ந்த பழைய பிளவுப் பட்டைகளின் வழியே. நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும் இந்தக் கட்டையில் குந்தா, அவலாஞ்சிப் பக்கம் இருப்பது கொஞ்சம் மேல்தளம், கோத்தகிரி, கொடநாடு பக்கம் இருப்பது அடித்தளம். கொடநாடு காட்சிமுனையில் நின்று மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பது கீழே. காலடியில் இருப்பதுதான் பெரிய ஆழம்.

அந்த ஆழத்தில் படிவு என்ன ஆகும்? பொடிப்பொடியாக இருந்த இரும்பும் சிலிக்காவும் கண்ணுக்குத் தெரிகிற மணிகளாகத் திரும்பப் படிகமாகும். அது நல்லது, அரைத்துப் பிரிக்கச் சுலபம். கெட்டது என்னவென்றால், சுற்றியிருக்கும் பாறை மெழுகுப் பதத்தில் இழுபடும்போது இந்த விறைப்பான படிவு அதோடு சேர்ந்து நீள முடியாமல் துண்டு துண்டாக அறுந்துவிடும். ஒவ்வொரு துண்டும் நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிந்து, சார்னோகைட்டுக்குள் தனித்தனியாகப் புதைந்து நிற்கும். மேட்டில் கல்வரிசை "விட்டு விட்டு" தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மண் மூடியதால் மட்டும் இருக்காது. நடுவில் இல்லாமலே போயிருக்கலாம். கீழே போனாலும் இதே கதைதான். மேலே நான்கு மீட்டர் தடிப்பு, பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு முழம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று முடிந்த துண்டுகள் இந்த மாதிரி நிலத்தில் சாதாரணம்.

துண்டுகளாக இருந்தும் ஏன் எப்போதும் மேட்டிலேயே தெரிகிறது என்றால், குவார்ட்ஸ் மட்காது. பக்கத்துச் சார்னோகைட் பத்து இருபது மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக இளகிப்போகும்போது இது மட்டும் விறைத்து நிற்கும். அதனால் கண்ணுக்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். சரிவில் உருண்டு கிடக்கும் கற்களையும் சேர்த்து அகலம் அளந்துவிடாதீர்கள். வேர்பிடித்து நிற்கும் பாறையை மட்டும் அளக்க வேண்டும். திசை பார்க்கக் காம்பஸை அதன்மேல் வைத்தால் முள் கோணும். இருபது முப்பது அடி தள்ளி நின்று கோட்டைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பாறைகளின் வரிப்போக்கு பெரும்பாலும் மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்கு. உங்கள் கல்வரிசை அந்தப் போக்கோடு போனால் படிவு என்று நம்பலாம். அதைக் குறுக்கே வெட்டிப் போனால் டோலரைட்டோ என்று மறுபடி சந்தேகப்படுங்கள்.

இனி காசுக்கணக்கு. தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருநூறு மீட்டரும் இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது, அகலம் நான்கு மீட்டர், ஆழம் முப்பது மீட்டர் வரை அப்படியே இறங்குகிறது. கன அளவு 24,000 கன மீட்டர். அடர்த்தி 3.4 என்றால் 81,600 டன் கல். அதில் இரும்பு சுமார் 27,000 டன். அரைத்துக் காந்தத்தில் பிரிக்கும்போது ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தால், 65 சதவீதத் தரத்தில் ஏறத்தாழ 33,000 டன் தாதுப்பொடி தேறும். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் உருக்கு செய்யும் ஆலை, இன்றைக்கு அது சின்ன ஆலைதான், ஒரு நாளைக்கு நாலாயிரம் டன்னுக்கு மேல் இந்தப் பொடியைத் தின்னும். மேடு மொத்தமும் எட்டே நாள் தீனி. மிச்சம் 48,000 டன் அரைத்த மணல் உங்கள் தோட்டத்துச் சரிவில் குவிந்து நிற்கும். கோத்தகிரி மலைப்பாதையில் லாரிக்குப் பத்து டன் என்று இறக்கினால் பொடிக்கு மட்டும் 3,300 நடை. அரைவை ஆலை, மின்சாரம், கழுவத் தண்ணீர் எல்லாம் இதற்கு மேல்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கஞ்சமலை இருக்கிறது. மலையைச் சுற்றி வளையமாகப் போகிற கனத்த தாதுப் படுகைகள். சமவெளி ஓரம், ரயில் பக்கத்தில். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் ஆதாரம். அது நட்டப்பட்டு மூடப்பட்டது. 1970இல் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகத்தான் வந்தது; கஞ்சமலைத் தாது மலையிலேயே இருக்கிறது. அந்த அளவு இருப்புக்கே அந்தக் கதி. கர்நாடகத்துக் குதிரேமுக் இன்னும் நெருங்கிய உதாரணம், ஏனென்றால் அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலை, அதுவும் தரம் குறைந்த மேக்னடைட். அங்கே கோடிக்கணக்கான டன் இருந்ததால் பொடியைக் குழம்பாக்கி 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூருக்கு அனுப்ப முடிந்தது, கழிவு மணலுக்கென்றே லக்யா அணையைக் கட்ட முடிந்தது. அதையும் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 முடிவில் நிறுத்திவிட்டார்கள். பெல்லாரி, பைலாடிலா வகைத் தாது வேறு. அங்கே சிலிக்கா கரைந்து வெளியேறி 60 சதவீதத்துக்கு மேல் ஹேமடைட்டாக நிற்பதால் தோண்டி உடைத்து அப்படியே ஏற்றலாம். இங்கே அந்தக் கரைசல் நடக்கவில்லை.

இந்த அளவுத் தாது ஒருகாலத்தில் போதுமானதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்து இரும்பு உருக்குகிறவர்கள் பாறையை உடைத்துக்கொண்டு இருக்கவில்லை. இந்த மாதிரிக் கல் மட்கி ஓடையில் வந்து சேர்ந்த கருமணலை அரித்து எடுத்தார்கள். உடைப்பது, அரைப்பது, பிரிப்பது மூன்றையும் மழையே செய்து கொடுத்தது. 1800-01இல் கோயம்புத்தூர், மலபார் வழியே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டைப் பார்வையிட்டுப் போன பிரான்சிஸ் புக்கானன் இப்படிக் கருமணலில் இரும்பு எடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆளுயர மண் உலைக்கும் மரக்கரிக்கும் அந்த மணல் போதும். நீலகிரிக்குள் தோடருக்கும் படுகருக்கும் கத்தி, கோடாலி, கொத்து அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். அவர்களுக்கும் வேண்டியிருந்தது வருடத்துக்குச் சில மூட்டை இரும்புதான். உங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடை இருந்தால் மழை நின்ற மறுநாள் வளைவுகளில் பாருங்கள், கறுப்பு மணல் கோடு கோடாக ஒதுங்கியிருக்கும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அதில் விடுங்கள். மணல் முள்முள்ளாக நிமிர்ந்து ஒட்டும்.

கனிமம் என்ற பேச்சு கிளம்பினால் இந்த மலையில் என்ன நடக்கும் என்பதற்குத் தேவாலா, பந்தலூர் சாட்சி. 1879 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வயநாட்டுத் தங்கம் (அந்தப் பக்கமும் வயநாட்டைச் சேர்ந்ததே) என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க வல்லுநர் பிரப் ஸ்மித்தின் அறிக்கை அதற்கு எண்ணெய் ஊற்றியது. காப்பித் தோட்டங்கள் நோயால் படுத்துக் கிடந்த நேரம், விற்கத் தோட்டக்காரர்களும் காத்திருந்தார்கள். மாதிரிக்கல்லில் சொன்ன தரத்துக்கும் ஆலையில் கிடைத்த பொன்னுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. காசு பார்த்தவர்கள் நிலத்தை விற்றவர்களும் பங்கை விற்றவர்களும்தான். தங்கம் எடுத்தவர்கள் இல்லை.

இனி குத்தகை. இரும்புத்தாது பெருங்கனிமம், 1957ஆம் ஆண்டு சுரங்கம், கனிமச் சட்டத்தின் கீழ் வருவது. 2015 திருத்தத்துக்குப் பிறகு இதற்கெல்லாம் ஏலம்தான் வழி. நீங்களும் அவரும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தோண்ட முடியாது. "நிலத்தடிக் கனிமம் நிலத்துக்காரருக்கே என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்று அவர் வாதாடலாம். 2013இல் மலபார் நிலங்கள் தொடர்பான வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு உண்மையில் வந்தது. ஆனால் சொந்தம் என்பது வேறு, எடுக்கும் உரிமம் என்பது வேறு. உரிமம் இல்லாமல் உரிமையாளரே தோண்டினாலும் குற்றம். அதோடு நீலகிரியில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி என்று இன்னொரு கதவு இருக்கிறது. பொக்லைன் ஓட்டவே அனுமதி கேட்கிற மாவட்டம் இது.

அப்படியானால் அவர் எதற்குக் கேட்கிறார்? அவர் மனதில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும், ஆனால் அந்த மேட்டில் விலை போகக்கூடியது இரும்பு இல்லை. பக்கத்திலேயே வெடிப்பில்லாத சார்னோகைட் இருந்தால் அது ஜல்லிக்கு முதல்தரக் கல். டோலரைட் இருந்தால் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்கலாம். அதுவும் இல்லையென்றால், சாலை ஒட்டிய நிலமும் காட்சியும். ஒப்பந்தத்தில் "பாதை அமைக்க", "மண் அகற்ற", "கட்டுமானம்" என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று ஒரு வக்கீலிடம் காட்டிப் பாருங்கள். நானாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஆர்வத்துக்காகவே தெரிந்துகொள்ள விரும்பினால், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் இணையதளத்தில் 58 ஏ எண் கொண்ட வரைபடத் தொகுதியில் உங்கள் பகுதி வரும். பாறை வகை வரைபடம் இலவசம். மேக்னடைட் குவார்ட்சைட்டை மெல்லிய கோடாகக் குறித்திருப்பார்கள். உங்கள் மேடு அதில் விட்டுப்போயிருந்தாலும் வியப்பில்லை, இருநூறு மீட்டர்த் துண்டு 1:50,000 அளவு வரைபடத்தில் நான்கு மில்லிமீட்டர்தான்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். வந்தவர் மாதிரி எடுக்க இரண்டு இடத்தில் ஆளுயரக் குழி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குந்தா, கூடலூர்ப் பக்கம் ஆடி மழையில் நனையும்; கோத்தகிரிக்குப் பலத்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய சரிவுகள் அந்தப் பருவத்தில் வந்தவை. இரும்புக்கல்லுக்குப் பக்கத்துச் சார்னோகைட் மட்கிய மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், விறைப்பான கல்லோடு அதற்குப் பிடிப்பு இருக்காது, திறந்த குழி தண்ணீரை நேரே அந்த இணைப்புக்கு இறக்கிவிடும். மழைக்கு முன் எடுத்த மண்ணையே ஒரு அடிக்கு ஒரு தரம் திமிசுக்கட்டையால் குத்தி நிரப்புங்கள். மேல்பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுங்கள். தேயிலைப் பாத்திக்குள் விடவேண்டாம்.